பத்தொன்பதாவது செட்

வள்ளியூர்
7 செப்டம்பர் 2025, ஞாயிறு

சங்கரா,

என் நம்பரை நீ பிளாக் செய்து ஆறு மாதம் ஆகிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. தபால்காரரை பிளாக் செய்ய முடியாது, அதனால் இது. நலம் விசாரிக்க எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

மே மாதம் கம்பெனியில் மாற்றல் கேட்டு இங்கே வந்துவிட்டேன். வள்ளியூருக்குத் தெற்கே பதினாலு காற்றாலைக் காத்தாடி என் பொறுப்பு. காற்றுக் காலம் என்பதால் லீவு கிடையாது. தங்கியிருப்பது சாரம்மாள் அக்கா என்று ஒரு ஓய்வு பெற்ற நர்ஸ் வீட்டு மாடி. அவர் காரை விற்றுவிட்டார். காலியான கார் ஷெட்டில்தான் என் எக்சர்சைஸ். தனியாக.

சாப்பாடு, தூக்கம் எல்லாம் பாளையங்கோட்டையில் இருந்தது போலவேதான். நெஞ்சுக்கு வாரம் பதினாறு செட். நோட்டைப் பார்த்தால், பிப்ரவரியில் நான் பெஞ்சில் மல்லாந்து படுத்து எண்பது கிலோவை எட்டு ரெப் வீதம் நாலு செட் தூக்கியிருக்கிறேன். இங்கே எண்பது ஒரு தடவைகூட ஏறவில்லை. அறுபத்தெட்டு ஏறுகிறது.

முதலில் பிளேட் மேல் சந்தேகம் வந்தது. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு முக்கு மளிகைக் கடைத் தராசுக்குப் போனேன். கடை அண்ணாச்சி பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்காரன் எதுத்தாப்புலல்லா இருக்கான், இங்கன எதுக்குல கொண்டாந்தே?" என்றார். எடை சரியாக இருந்தது. அடுத்து உடம்பு. மூன்று மாதம் அளந்தேன். நெஞ்சுச் சுற்றளவு ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை.

பிளேட் சரி, உடம்பு சரி. அப்படியென்றால் தப்பு நோட்டில் இருக்கிறது. எழுதியது நான். ஆனால் ரெப்பை எண்ணிச் சொன்னது நீ. இரண்டு வருடம் என் தலைமாட்டில் நின்று ராடுக்குக் கீழே சப்போர்ட்டுக்குக் கை வைத்திருந்ததும் நீ.

கேள்வி இதுதான். கையை வைத்திருந்தாயா, தூக்கினாயா?

ஆமாம் அல்லது இல்லை. ஒரு வரி போதும்.

எபி


பாளையங்கோட்டை
16 செப்டம்பர் 2025

ஏலே எபி,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். "பிரிச்சுப் பாருடே, அந்தப் பையன் மனசு கேக்காம எழுதியிருப்பான்" என்று பக்கத்திலேயே நின்றாள். நான் படித்துவிட்டு மடித்தேன். "என்ன எழுதியிருக்கான்?" என்றாள். "எண்பது கிலோ ஏறலியாம்" என்றேன். "ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் அவன் கணக்குதான சொன்னான்" என்று சொல்லிவிட்டுப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

நீ மறந்திருப்பாய். எனக்கு ஆபரேஷன் முடிந்து மறுநாள். கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். நீ வந்து எக்ஸ்ரே கவரின் பின்பக்கத்தில் பேனாவால் படம் போட்டு, "முழங்கை எழுபத்தைந்து டிகிரி விரிஞ்சிருக்கு, அதான் தோள் பிய்ஞ்சிருக்கு" என்று அம்மாவுக்கு விளக்கினாய். அம்மாவுக்கு எந்த டிகிரியும் தெரியாது. "சாப்டியாலேன்னு ஒரு வார்த்தை கேட்டானா பாரு" என்று அன்றைக்குச் சொன்னதுதான், இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வலது கை தோளுக்கு மேலே போகவில்லை. தலை துவட்ட இடது கை. கோர்ட் ஆபீஸில் மேல் அடுக்கு ஃபைல் கட்டு எதுவானாலும் பக்கத்து சீட் விஜயஸ்ரீதான் ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுக்கிறாள். "மிஸ்டர் திருநெல்வேலி, வேற ஏதாச்சும் எடுக்கணுமா?" என்பாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஆனாலும் ஏப்ரலில் ஆணழகன் போட்டியில் முதல் தடவையாக மேடை ஏற இருந்தவன் நான். பேர் கொடுத்து, நம்பர் வாங்கி, ஆறு வாரம்தான் பாக்கி.

நெஞ்சுக்கு வாரம் பன்னிரண்டு செட் போதும்லே என்றேன். நீ இருபத்திரண்டு என்று அட்டவணை போட்டு ஷிபின் அண்ணன் ஜிம் கண்ணாடியிலேயே ஒட்டினாய். சரி, படிச்சவன், காத்தாடியையே கழற்றி மாட்டுகிறவன், தெரிந்துதான் சொல்லுவான் என்று செய்தேன். அந்த வாரத்தில் பத்தொன்பதாவது செட் அது.

உன் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதற்கு முன்னால் என் கேள்வி. மார்ச் ஏழாம் தேதி, வெள்ளிக்கிழமை, தொண்ணூறு கிலோ ராடு என் மேலே இறங்கினபோது உன் கை எங்கே இருந்தது?

சிவசங்கரன்


வள்ளியூர்
21 செப்டம்பர் 2025

சங்கரா,

நான் ஒரு வரி கேட்டேன். நீ உன் அம்மாவையும் விஜயஸ்ரீயையும் அனுப்பியிருக்கிறாய்.

செட் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம். பன்னிரண்டு என்று நீ சொன்னது எதையும் படித்துச் சொன்னதல்ல. வெள்ளிக்கிழமை சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொன்னது. ஒரு தசை நன்றாக வளர வாரத்துக்குப் பத்து செட்டாவது வேண்டும். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் நிறையப் பேருக்கு நன்றாகவே வளரும். அதற்கு மேலே போகப் போக வேலை கூடும், கூலி குறையும், மூட்டு முனக ஆரம்பிக்கும். இருபத்திரண்டு கொஞ்சம் அதிகம். ஒத்துக்கொள்கிறேன். போட்டிக்கு முன்னால் ஆறே வாரம் என்றுதான் வைத்தேன்.

ஆனால் எண்ணிக்கை மட்டும் செட் ஆகாது. இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் மிச்சம் என்கிற இடம் வரை, தூக்குகிறவன் தன் பலத்தில் போனால்தான் அது செட். வேறொருவன் கை நடுவில் வந்தால் அதில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அவனுடையது என்று எந்த மீட்டரும் சொல்லாது. அதனால்தான் கேட்கிறேன். இரண்டு வருடம், இருநூற்றுச் சொச்சம் நாள், ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறேன். அது முழுவதும் குப்பையா என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

உன் கேள்விக்கு அர்த்தம் இல்லை. முழங்கை விரியாமல் இருந்திருந்தால் யார் கை எங்கே இருந்திருந்தாலும் தோள் பிய்ந்திருக்காது.

இங்கே காற்று குறையத் தொடங்கிவிட்டது. ஒரு நாளில் நான் பேசுவது வாக்கி டாக்கியில்தான். "மேலே வந்துட்டேன்", "பிரேக் போட்டாச்சு", "இறங்கப்போறேன்". ஞாயிற்றுக்கிழமை அதுவும் கிடையாது. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதினதை அடித்துவிடவும் மனசில்லை, இருக்கட்டும்.

பதில் எழுது.

எபி


பாளையங்கோட்டை
5 அக்டோபர் 2025

எபி,

உன்னிடம் முதலில் பதில் வாங்கிவிட்டுத்தான் சொல்வது என்று இருந்தேன். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும். இப்படியே போனால் இரண்டு பேரும் கிழவனாகிவிடுவோம். நானே முதலில் சொல்கிறேன்.

ஆமாம். தூக்கினேன்.

கடைசி ரெப்பில் இரண்டு விரல் கொடுக்கிறதும், கொடுத்துக்கொண்டே "உன்னோடதுதான், நான் தொடலலே" என்று கத்துகிறதும் ஜிம்மில் நடக்கிறதுதான். நீயும் ஆரம்பத்தில் எனக்குக் கொடுத்திருக்கிறாய். அதுவரை அது பொய்யில் சேராது.

போன வருடம் ஆகஸ்டில் உன் அப்பா தவறினார். பாக்கியசீலன் சாரை அடக்கம் செய்து மூன்றாம் நாள். வீட்டில் சொந்தக்காரர்கள் பாட்டுப் புஸ்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், நீ பையை மாட்டிக்கொண்டு ஜிம்முக்கு வந்து நிற்கிறாய். ஷிபின் அண்ணன், "ஏ எபி, இன்னைக்கு வேண்டாம்டே, வீட்டுக்குப் போ" என்றார். "அட்டவணையில இன்னைக்கு செஸ்ட் இருக்கு" என்று படுத்துவிட்டாய். எழுபத்தைந்து மாட்டச் சொன்னாய். ராடை இறக்கின உடனேயே தெரிந்தது, உனக்குள்ளே ஒன்றுமில்லை. மூன்று நாள் சாப்பிட்டிருக்க மாட்டாய். ஏறாமல் நின்றால் அன்றைக்கு நீ எழுந்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றியது. முதல் ரெப்பிலிருந்து நான் தூக்கினேன். விரல் இல்லை, இரண்டு உள்ளங்கையும் கொடுத்தேன். "எட்டு" என்று எண்ணி முடித்தேன். நீ எழுந்து போய், முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டில் எழுதினாய். எழுதுகிறபோது உன் முகம் கொஞ்சம் நேராகியது. எழுதட்டும் என்று விட்டேன்.

அடுத்த தடவை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ எழுபத்தேழரை மாட்டினாய். அப்புறம் எண்பது. எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு நாலு செட் சப்போர்ட் கொடுத்துவிட்டு நான் படுக்கிறபோது என் கை ஏற்கெனவே பாதி செத்திருக்கும். என் இருபத்திரண்டோடு உன்னுடையதையும் சேர்த்துக்கொள். அந்தக் கணக்கு உன் நோட்டில் இருக்காது.

இதை உன்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்டாய், சொன்னேன்.

இப்போது நீ. முழங்கை விரிந்தது வாஸ்தவம். டாக்டரும் அதைத்தான் சொன்னார். நான் கேட்டது முழங்கையை இல்லை. கையை. இதற்கு மேலே கேட்க மாட்டேன். பதில் இல்லையென்றால் இதுதான் கடைசிக் கடிதம்.

சிவசங்கரன்


வள்ளியூர்
9 நவம்பர் 2025, ஞாயிறு

சங்கரா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலு தடவை எழுதினேன். நாலிலும் டிகிரிதான் வந்தது. கிழித்துவிட்டேன்.

போன ஞாயிறு மதியம் நடந்ததைச் சொல்கிறேன். சாரம்மாள் அக்கா கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டார். கேட் பூட்டியிருந்தது. உன் கடிதம் வந்ததிலிருந்து எண்பதைத் தனியாக ஏற்றிக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி. எழுபத்தைந்து மாட்டினேன், பிளேட் நகராமல் இருக்க இரண்டு பக்கமும் லாக் போட்டேன். மூன்றாவது ரெப் ஏறவில்லை. நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. லாக் இல்லாமல் இருந்தால் சாய்த்து ஒரு பக்கப் பிளேட்டைத் தள்ளிவிடலாம். இருந்ததால் முடியவில்லை. யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அந்த ஷெட்டில் நான் சொல்லக்கூடிய ஒரு பேர்கூட இல்லை.

பையப் பைய வயிற்றுக்கு உருட்டி, அங்கிருந்து தொடைக்கு உருட்டி, எழுந்து உட்கார்ந்தேன். விலாவில் கன்றிப்போயிருக்கிறது. வேறு ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். அதே நோட்டை எடுத்து, மார்ச் ஏழாம் தேதி எழுதின அதே வரியை மறுபடி எழுதிப் பார்த்தேன். தேதி, செட் 19, எடை 90. ஸ்டாப் வாட்ச் வைத்து ஐந்து தடவை. சராசரி நாலேகால் விநாடி.

அன்றைக்கு என் கையில் பேனா இருந்தது. நோட்டு ஜன்னல் திண்டில் இருந்தது. நீ மூன்றாவது ரெப் எடுத்தபோதே இது ஐந்தாவது வரை போகும் என்று முடிவு செய்துகொண்டு, நேரம் மிச்சம் பிடிக்க முன்னாலேயே எழுதப் போனேன். "லே" என்று ஒரு தடவை கூப்பிட்டாய். கேட்டது. தொண்ணூறில் சைபர் பாக்கி இருந்தது. அதைப் போட்டுவிட்டுத் திரும்பினேன்.

முழங்கை அதற்கு அப்புறம்தான் விரிந்தது. முதலில் விரியவில்லை. நீ தனியாகத் தள்ளிப் பார்த்ததால் விரிந்தது. எனக்கு அன்றைக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் படம் போட்டபோதும் தெரியும்.

நோட்டைக் கிழிக்கவில்லை. அந்த வரிக்கு எதிரே "சப்போர்ட் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மன்னிப்பு என்று எழுதினால் அது இன்னொரு வரி மாதிரி இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

உன் அம்மாவிடம் சொல். அன்றைக்கு நான் சாப்பிட்டாயா என்று கேட்காதது மறந்துபோய் இல்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

எபி


பாளையங்கோட்டை
30 நவம்பர் 2025

எபி,

உன் கடிதத்தை அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். சைபர் போட்ட இடத்தில் நிறுத்தச் சொன்னாள். உள்ளே போய்விட்டு வந்து, "மிச்சத்தையும் வாசி" என்றாள். கடைசியில், "சமைச்சு யார் போடுதா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

எனக்கு நீ அன்றைக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தாய் என்று தெரியும். மல்லாந்து கிடக்கிறவனுக்குக் கண் தெரியாதா. உன் முதுகுதான் தெரிந்தது. நீ சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்பது மாதம் அதற்காகத்தான் கோபமாக இருந்திருக்கிறேன் என்று வாசித்து முடித்ததும் தெரிந்தது. கோபம் போனபின் அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. காலியாகத்தான் கிடக்கிறது.

நீ கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் நினைக்கிறாய். நான் மறுபடி எக்சர்சைஸுக்கு வர மாட்டேன், எபி. உன்னோடு மட்டும் என்று இல்லை. யாரோடும் முடியாது. தலைமாட்டில் ஆள் நின்றாலே உடம்பு கூசுகிறது. முடிவெட்டப் போனால் எனக்குப் பின்னால் நிற்க விடாமல், பக்கவாட்டில் வரச் சொல்கிறேன். கடைக்காரர், "என்ன வே, கழுத்தை அறுத்துருவேன்னு பயமா?" என்கிறார். சிரித்துவிட்டு வருகிறேன். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி. ரப்பர் பட்டையை இழுக்கிறேன். பத்து தடவை, மூன்று செட். சுகிர்தா என்று ஒரு பெண் எண்ணுகிறாள். எட்டு ஆனால் எட்டு என்கிறாள், ஏழு ஆனால் ஏழு என்கிறாள். ஒரு விரல் கொடுக்க மாட்டாள்.

நீ எடுத்துக்கொண்டு போனது ஜிம்மில் நம் பழைய பெஞ்ச்தான் என்று ஷிபின் அண்ணன் சொன்னார். மேலப்பாளையத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி இரண்டு இரும்புக் கால் செய்யச் சொல்லியிருக்கிறேன். பெஞ்சுக்கு இரண்டு பக்கமும் நிறுத்து. ராடு ஏறாமல் போனால் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும், உன் மேல் உட்காராது. வெள்ளிக்கிழமை வள்ளியூர் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். கண்டக்டர் நம்பரைத் தனியாக மெசேஜில் அனுப்புகிறேன். ஆமாம், பிளாக்கை எடுத்துவிட்டேன். போன் பண்ணாதே. இப்போதைக்குப் பேச எனக்கு ஒன்றும் வராது.

லாக் போடாமல் செய். அந்தக் கால் தூக்காது, எண்ணாது, பொய்யும் சொல்லாது. அதன் நடுவில் ஏறுகிறது எல்லாம் உன்னுடையது.

சிவசங்கரன்


வள்ளியூர்
14 டிசம்பர் 2025, ஞாயிறு

சங்கரா,

கால் இரண்டும் வந்தன. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தேன். போன் பண்ணவில்லை.

நிறுத்திவிட்டு உயரத்தை மாற்றலாம் என்று ஓட்டை தேடினேன். ஓட்டை இல்லை. ஒரே உயரத்தில் வெட்டி அடைத்துவிட்டார்கள். அளவு கேட்காமல் செய்தால் எப்படி என்று உன் மேல் எரிச்சல் வந்தது. கிரைண்டர் இரவல் வாங்கிக் குறைத்துவிடலாம் என்று டேப் எடுத்தேன். பெஞ்சிலிருந்து இரும்பு வரை இருபத்திநாலு சென்டிமீட்டர். படுத்துக்கொண்டு நானே என் நெஞ்சை அளக்க முடியவில்லை. சாரம்மாள் அக்காவைக் கூப்பிட்டேன். "நாப்பது வருசம் ஆஸ்பத்திரில இருந்தேன், இப்படி ஒரு சோலிக்கு யாரும் கூப்பிட்டதில்ல" என்று முனகிக்கொண்டே டேப்பைப் பிடித்தார். மூச்சை இழுத்தால் இருபத்தைந்து. விட்டால் இருபத்து மூன்றரை.

மூச்சை இழுத்துச் செய்தால் ராடு நெஞ்சைத் தொடுகிறது. தோற்றுப்போய் மூச்சை விட்டால் இரும்பில் நிற்கிறது. அரை சென்டிமீட்டர் இடைவெளி. நான் டிசைன் போட்டிருந்தால்கூட இதைத்தான் போட்டிருப்பேன். பட்டறையில் நீ என் நெஞ்சு உயரத்தைக் கையால் காட்டித்தான் சொல்லியிருக்க வேண்டும். இடது கையைத்தான் காட்டியிருப்பாய்.

இன்று ஐந்து செட் செய்தேன். வாரத்துக்குப் பத்துதான் இனிமேல். அறுபத்தைந்து கிலோ. நோட்டில் எழுதும்போது பழைய எண்பதைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாவது செட்டில் ஏழாவது ரெப் ஏறவில்லை. இரும்பின் மேல் வைத்துவிட்டு, அடியிலிருந்து நகர்ந்து வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. சாரம்மாள் அக்கா ஒரு கிண்ணத்தில் கறிக்குழம்பு வைத்துவிட்டுப் போயிருந்தார். உன் அம்மாவிடம் அதைச் சொல்.

நீ வர வேண்டாம். போனும் வேண்டாம். உன் கை தலைக்கு மேலே போகிற அன்று மட்டும் ஒரு கார்டு போடு. எத்தனை செட்டில் என்று கேட்க மாட்டேன்.

எபி